சுருளிவேல் வீட்டுத் தரை

மேல்காடு, போடிமெட்டு வழி
9.6.2023

மச்சான் பாண்டியராஜ் அவர்களுக்கு சுருளிவேல் எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அக்காவும் அத்தையும் நலமா? அத்தைக்கு அந்த இருமல் விட்டதா? பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். இரண்டு பல் வந்திருக்கிறது.

போன காற்றில் டவர் போனது போனதுதான். மேட்டில் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு தெரியும். ஆனால் அங்கே நின்று பேசினால் ஏலக்காய் எடுக்கப் போகிற அத்தனை பேர் காதிலும் விழும். அதனால் சின்ராசு ஜீப்பில் கடிதமாகக் கொடுத்து விடுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். வீட்டுக்குக் கார்ப்பெட் போட வேண்டும். விரித்துச் சுருட்டுகிற மாதிரி இல்லை. லாட்ஜுகளில் நீங்கள் போடுவீர்களே, சுவரோடு சுவராக, கால் தடுக்காமல், இழுத்தாலும் வராமல், அப்படி. மூன்று அறைக்கும் நடைக்கும் சேர்த்து. ஆள் அனுப்ப வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன். என்னென்ன சாமான் வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

எதற்கு என்று கேட்பீர்கள். குளிர்தான். அப்பா போட்ட சிமெண்டுத் தரை ஆடி மாதத்தில் கால் வைக்க முடியாமல் சில்லிடும். பாப்பா வேறு தவழ்கிறாள்.

கற்பகத்தை உங்களுக்கு இரண்டு வரி எழுதச் சொன்னேன். அப்புறம் எழுதுகிறேன் என்றாள்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சுருளிவேல்


போடி
16.6.2023

அன்புள்ள மாப்ளே,

இங்கே சுகம். அம்மாவின் இருமல் விட்டது, பேச்சுதான் விடவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “மாப்ள தொரை பங்களா கட்டுறாராக்கும். எதுக்கும் வாசல்ல ஒரு மணி தொங்கவிடச் சொல்லு, நாம போயி அடிச்சிட்டு உள்ள போவோம்” என்றாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

விளையாட்டு இருக்கட்டும். மலையில் கார்ப்பெட்டுக்கு முதல் எதிரி ஈரம். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பாலித்தீன் தாளை ஒவ்வோர் அறையிலும் ஒரு துண்டு தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் தரைக்குள் தண்ணீர் இருக்கிறது. அதற்கு மேல் கார்ப்பெட் போட்டால் ஒரே மழையில் பூசணம் பிடித்து நாறும்.

தரை காய்ந்திருந்தால் மற்றது பெரிய வித்தை இல்லை. சுற்றிலும் ஆணிப்பட்டை அறைய வேண்டும். விரல் அகலத்தில் மரச்சட்டம், அதில் பொடி ஆணிகள் சாய்ந்து நிற்கும். சுவருக்கும் அதற்கும் ஒரு விரல் சந்து விட்டு, ஆணி முனை சுவரைப் பார்க்கிற மாதிரி அறைந்தால் அது கார்ப்பெட்டைக் கவ்விக்கொள்ளும். பட்டைக்கு உள்பக்கம், மெத்தைக்குள் வைப்பார்களே, அந்தப் போம் விரிக்க வேண்டும். அதற்கு மேல் கார்ப்பெட். அதை இழுத்து மாட்டுவதற்கு ஒரு சாமான் உண்டு, எங்கள் ஆட்கள் முட்டிக்கட்டை என்பார்கள். ஒரு முனையில் பல், மறு முனையில் மெத்தை. பல்லைக் கார்ப்பெட்டில் பதித்து மெத்தையை முட்டியால் இடிக்க வேண்டும். முட்டிச் சிப்பியில் இடிக்காதீர்கள், அதற்கு மேலே சதையில் இடியுங்கள். நான் சிப்பியில் இடித்துப் பழகி, இப்போது கோயில் படி ஏற முடியாமல் கீழே நின்றே சாமி கும்பிடுகிறேன்.

வளைந்த பிளேடுக் கத்தியும், ஓரத்தைச் சந்துக்குள் தள்ள அகல உளியும் என்னிடம் இருக்கின்றன. முதலில் தரையைப் பார்த்து எழுதுங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம். கற்பகம் எழுதுகிறேன் என்றால் எழுதமாட்டாள், எனக்குத் தெரியும்.

பாண்டியராஜ்


மேல்காடு
14.7.2023

மச்சானுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை தொடங்கிவிட்டது, அதோடு இந்த மழையிலேயே ஒரு வேலை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி பாலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். முன் அறையும் நடு அறையும் சுத்தம். மேட்டுப் பக்கத்து அறையில் தாள் அடியில் சொட்டுச் சொட்டாக நின்றது. சரிவில் இறங்குகிற தண்ணீர் நேராகச் சுவருக்கு அடியில் வருகிறது. சுவரை ஒட்டி ஓர் ஆள் இடுப்பளவுக்குக் கால்வாய் வெட்டி, கல்லைப் போட்டு நிரப்பி, ஓடைப் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு உள்ளே அடுப்புக் கங்கு வைத்து வைத்துத் தரையை உலர்த்தினேன். நேற்று மறுபடி ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது.

போம் கொஞ்சம் கனமாக வேண்டும் மச்சான். கிடைப்பதிலேயே கனமானது. இரண்டு அடுக்காகப் போடலாமா? வாசற்படிகளில் லாட்ஜில் வைப்பது போலத் தகரப் பட்டை வைக்க வேண்டாம், விளிம்பு கூர்மையாக இருக்கும். வேறு வழி சொல்லுங்கள். அடுப்படியிலும் போடலாமா? மீந்த போம் துண்டு இருந்தால் அதையும் அனுப்புங்கள், கட்டில் காலுக்கும் அலமாரி மூலைக்கும் சுற்றிக்கொள்கிறேன்.

கற்பகம் இப்போது காய் எடுக்கப் போவதில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். நலமாக இருக்கிறாள்.

அத்தைக்கு என் வணக்கம். மணி வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

சுருளிவேல்


போடி
28.7.2023

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் நலம். மணி விஷயத்தைக் கேட்டு அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

இந்த மழையில் கால்வாய் வெட்டினீர்களா! காண்டிராக்டர்களே ஈரச் சுவரைப் பார்த்தால் பெயிண்டை அடித்து மறைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் நான் இந்நேரம் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.

இரண்டு அடுக்குப் போம் வேண்டாம். மிதிக்க மிதிக்க அமுங்கி, கார்ப்பெட் ஆணியிலிருந்து கழன்று சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் கால் தடுக்கும். அதற்குப் பதில் துண்டுப் போமை அரைத்து அழுத்திச் செய்த கட்டிப் போம் அனுப்புகிறேன். கையால் அழுத்தினால் கல் மாதிரி தெரியும், மேலே விழுந்தால் மெத்தை மாதிரி வாங்கும். வாசற்படியில் பட்டை வேண்டாமென்றால் துண்டு போடாமல் அறைக்கு அறை தொடர்ச்சியாகக் கொண்டுபோங்கள். அதற்குக் கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். அடுப்படியில் கூடவே கூடாது, ஒரு பொறி போதும். அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற தடித்த ரப்பர் பாய் போடுங்கள், அதுவும் அனுப்புகிறேன்.

கார்ப்பெட் சாம்பல் பச்சை நிறம். ஒரு லாட்ஜ் வேலைக்கு வாங்கியதில் பிரிக்காமல் மிஞ்சிய சுருள். அகலம் பத்தாது, நடு அறையில் ஒட்டுப் போட வேண்டி வரும். மேலே தடவிப் பார்த்து, மயிர் சாயும் திசை இரண்டு துண்டிலும் ஒன்றாக வையுங்கள். திசை மாறினால் ஒரே சுருள் இரண்டு நிறமாகத் தெரியும். ஒட்டுகிற டேப்பும், அதன் பசையை உருக்குகிற சூட்டுப் பெட்டியும் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சின்ராசு ஜீப்பில் லோடு ஏற்றியாயிற்று. காய் எடுக்கப் போகிற பெண்கள் சுருள் மேலேயே உட்கார்ந்து போனார்கள். அவர்களில் நம்ம ராக்கு சத்தம் போட்டுச் சொன்னாள், “இம்புட்டு சொகமா இந்த ஜீப்புல நாங்க போனதே இல்லண்ணே!”

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. குளிருக்குக் கார்ப்பெட் சரி. அலமாரி மூலைக்கு எதற்குப் போம்? பாப்பாவுக்கா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பாண்டியராஜ்


மேல்காடு
10.9.2023

மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் அவ்விதமே இருக்கட்டும்.

முன் அறையும் நடு அறையும் முடிந்துவிட்டன. முதல் அறையை இரண்டு தடவை போட்டேன் என்பதை மறைக்கவில்லை. முதல் தடவை கார்ப்பெட்டைப் பிரித்த கையோடு அறுத்துவிட்டேன். மறுநாள் அது சுருள் விட்டு விரிந்து, ஓர் ஓரம் மலை மாதிரி எழும்பிவிட்டது. கழற்றி, நீங்கள் சின்ராசிடம் சொல்லியனுப்பியபடி சும்மா விரித்துப் போட்டு ஆறவிட்டு, பிறகு நாலு விரல் கூட வைத்து அறுத்தேன். முட்டிக்கட்டை பிடிபடுவதற்குள் தொடை நீலமாகிவிட்டது. ஆனால் அது ‘டக்’கென்று ஆணியில் மாட்டுகிற சத்தம் இருக்கிறதே, கேட்கக் கேட்க நிறுத்தத் தோன்றவில்லை.

சூட்டுப் பெட்டி இங்கே வேலை செய்யவில்லை. கரண்டு இழுக்கவில்லை, பசை உருகாமல் மெழுகு மாதிரி நின்றது. கற்பகம்தான் வழி சொன்னாள். “ஏலக்கா மூட தைக்கிற கோணி ஊசி இருக்குல்ல, கொண்டாங்க” என்றாள். இரண்டு துண்டையும் குப்புறப் போட்டு, விளிம்போடு விளிம்பு வைத்து, நைலான் நூலில் நெருக்கி நெருக்கித் தைத்தாள். மேலே பசை பூசி உலர்த்தித் திருப்பினோம். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

பாப்பா நடக்கிறாள். விழுகிறாள், சிரிக்கிறாள்.

மேட்டுப் பக்கத்து அறையும் நடையும் பாக்கி. காய் அதிகம், ஸ்டோரில் வேலை ஓய்ந்ததும் முடிப்பேன்.

அக்காவையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சுருளிவேல்


போடி
23.10.2023

திரு. சுருளிவேல் அவர்களுக்கு,

நேற்றுக் குரங்கணியில் முனியசாமி சித்தப்பா பேத்தி காதுகுத்தில் உங்களைப் பார்த்தோம். சபை நடுவில் கேட்க வேண்டாமென்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

கற்பகத்துக்கு நெற்றிப்பொட்டில் கன்றிப்போய் இருந்தது. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அம்மா கேட்டதற்கு, “பாசியில வழுக்கிட்டேம்மா” என்றாள். சொல்வதற்கு முன்னால் உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் அவளைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டபோதும் கூடவே எழுந்து வந்தீர்கள். பந்தி போடுவதற்கு முன்பே, வெரசாகப் போக வேண்டுமென்று கிளம்பிவிட்டீர்கள். சிரித்துச் சிரித்துப் பேசுகிற பிள்ளை, குழந்தையைக்கூட மடியில் வாங்காமல் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள்.

நான் லாட்ஜ்களில் வேலை பார்த்தவன். அங்கே கனத்த போம் போடுவது எதற்கென்று எனக்குத் தெரியும். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது, அதற்கு. உங்களுக்கு அப்படி எது கேட்கக் கூடாது?

என் தங்கை உங்கள் வீட்டில் அடி வாங்குகிறாளா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். அம்மா அழுதபடி இருக்கிறாள்.

பாண்டியராஜ்


மேல்காடு
27.10.2023

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் கற்பகத்தை அடித்ததில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

நீங்கள் கோபப்பட்டதில் தப்பு இல்லை. எனக்குத் தங்கை இருந்து, அவள் அப்படி வந்து நின்றால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

மேட்டுப் பக்கத்து அறையை முடித்துவிட்டேன். நடைக்கு மட்டும் முட்டிக்கட்டை தேவைப்படும். உங்களுக்கு அது என்னிடம் இருப்பது பிடிக்கவில்லையென்றால் சின்ராசிடம் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.

அத்தையை அழ வேண்டாமென்று சொல்லுங்கள்.

சுருளிவேல்


மேல்காடு
19.11.2023

அண்ணனுக்குக் கற்பகம் எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு உங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் வரவில்லை, ஒரு வரி வரவில்லை. அவர் வாசலைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார். ஜீப்புச் சத்தம் கேட்டால் போதும், ஸ்டோரிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

எனக்கு வலிப்பு வருகிறது அண்ணே. பாப்பா பிறந்து நாலாம் மாதம் துணி துவைக்கிற கல்லுப் பக்கத்தில் முதல் தடவை வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது அவர் மடியில் கிடந்தேன், வாயெல்லாம் ரத்தம். தேனியில் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் வரும், எனக்கு ஏற்ற அளவு பிடிபடும்வரை இடையில் வரத்தான் செய்யும், விழும்போது அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இவர் வீட்டுக்கு வந்ததும் தரையைத்தான் பார்த்தார். அன்று ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் கையை ஓங்கிக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது புரியவில்லை.

யாருக்கும் சொல்லக் கூடாதென்று பாப்பா தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கியது நான்தான். இதே வலிப்பு வந்த நம் தெருக் கன்னையன் மகளை நினைத்துப் பார். மந்திரிக்கிறேன், வேப்பிலை அடிக்கிறேன் என்று தாய் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பிள்ளையை அவள் கையில் தரவில்லை. கடைசிவரை புருசன் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவாள் என்று பயந்தேன்.

நெற்றியில் பட்டதும் பல் உடைந்ததும் நடையில் விழுந்ததால். கார்ப்பெட் போடாமல் மிச்சம் இருந்தது அந்த நடை ஒன்றுதான். ரெண்டு அறையில் அதற்கு முன்னால் விழுந்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. காதுகுத்தில் அவர் என்னைவிட்டு நகராமல் இருந்தது, விழுந்தால் பிடிப்பதற்கு. நான் பிள்ளையை வாங்காமல் உட்கார்ந்திருந்ததும் அதற்குத்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ஸ்டோருக்குப் போய் அடுப்புக்கு விறகாய் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே போய், “சொல்லிருங்க, நானே சத்தியத்த விட்டுத் தர்றேன்”னு சொன்னேன். “ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீ சொல்லு. அடிக்கிறவன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும், சாரமில்ல” என்றார். இந்த ஊர் மலையாளத்தில் சாரமில்லை என்பார்கள், பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

எனக்கு அப்போது தோன்றவில்லை. தீபாவளிக்கு வாசலைப் பார்த்து நின்றபோதுதான் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

வா அண்ணே. அம்மாவுக்கு இப்போது சொல்லாதே.

கற்பகம்


போடி
4.12.2023

மாப்ளேக்கும் கற்பகத்துக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நடைக்குக் கார்ப்பெட் மாட்ட இடித்த இடியில் முட்டி இரண்டு நாளாகப் பேசுகிறது, மற்றபடி சுகம். பாப்பா என் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறாளா?

அங்கே இருந்தபோது மாப்ளேயிடம் எதையும் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் வந்து நின்றதும் “வாங்க மச்சான், குளிரும், உள்ள வாங்க” என்று கையைப் பிடித்தீர்களே, நான் முட்டிக்கட்டையை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான் எத்தனையோ இடத்தில் கார்ப்பெட் போட்டிருக்கிறேன். சுவரோரத்தில் குனிந்து பார்த்தால் வேலை செய்தவனின் மனசு தெரிந்துவிடும். மூலையில் துணி மடிந்திருக்கும், அலமாரிக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு அலமாரியை நான் நகர்த்திப் பார்த்தேன் மாப்ளே. அடியிலும் அதே நேர்த்தி. கதவுகளின் அடியைச் சீவி, சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். ஆணிப்பட்டை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன், மேலே ஓர் ஆணி முனைகூடக் கையில் தட்டவில்லை. கற்பகம் தைத்த தையலை என் ஆட்களில் ஒருத்தனாலும் தைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இருவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனீர்கள். வீட்டில் நான் மட்டும்தான். நடு அறையில் நின்று, கையை ஊன்றாமல், அப்படியே பக்கவாட்டில் விழுந்து பார்த்தேன். தோளையும் தரை மெத்தென்று வாங்கியது, தலையையும் வாங்கியது. எழுந்து மறுபடி விழுந்தேன். நடையில் விழுந்தேன். வாசற்படியில் விழுந்தேன். இந்த உடம்போடு நான் விழுந்தும் பக்கத்துச் சுவரில் தொங்கிய சட்டைகூட ஆடவில்லை. அங்கேயே படுத்துக்கொண்டு அந்த அக்டோபர் கடிதத்தை நினைத்தேன். நீங்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். என் கண் சிவந்திருந்ததற்கு அடுப்புப் புகை காரணம் இல்லை.

இப்படி ஒரு மனுசனுக்கு என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கற்பகம், அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அடிக்கவில்லை, நானே பார்த்துவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். மற்றதை நீ சொல். பொங்கலுக்கு அங்கே வருவேன் என்கிறாள், நிறுத்த முடியாது. மாத்திரையை மறக்காதே.

உங்கள்
பாண்டியராஜ்


மேல்காடு
23.1.2024

மச்சானுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். முட்டிக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

அத்தை இன்னும் இங்கேதான். பொங்கல் நன்றாக நடந்தது. கற்பகம் இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேற்று முன் தினம் காலையில் மூவரும் முன் அறையில் இருந்தார்கள். அத்தை பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். கற்பகம் பேசிக்கொண்டே எழுந்தவள் பாதிப் பேச்சில் நின்றாள். எனக்கு அந்த அமைதி தெரியும். நான் உள்ளே வருவதற்குள் விழுந்துவிட்டாள். சத்தமே இல்லை மச்சான். நனைந்த துணி கொடியிலிருந்து நழுவினால் வருகிற சத்தம்கூட இல்லை.

அத்தை, “ஏய் சாவியக் கொண்டா, சாவியக் கொண்டா!” என்று கத்தினார். “அத்தை, ஒண்ணும் வேணாம். கையில எதுவும் குடுக்கக் கூடாது, வாயிலயும் எதுவும் வைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துல நின்னுரும்” என்று சொல்லி அவளை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நின்றது. கொஞ்ச நேரம் தூங்கினாள். கண் விழித்து அத்தையைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். “அம்மா, என்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிராதம்மா” என்றாள்.

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலையைத் தூக்கி முன்னும் பின்னும் தடவினார். நெற்றி, மேவாய், முழங்கை எல்லாம் தடவினார். எங்கேயும் காயம் இல்லை. பிறகு பக்கத்தில் தரையைத் தடவினார். உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அதிகம் பேசவில்லை. நான் எதிரே வந்தால் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொள்கிறார், என்னவோ பெரிய ஆள் வந்த மாதிரி. எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சின்ராசு ஜீப்பில் கீழே வருகிறார். மனசுக்குள் என்ன முடிவு வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. கற்பகம் இரண்டு நாளாகப் பாப்பாவை இடுப்பைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை வந்ததும் என்ன சொல்கிறார் என்று உடனே எழுதுங்கள்.

சுருளிவேல்


போடி
30.1.2024

அன்புள்ள மாப்ளேக்கும் கற்பகத்துக்கும்,

எல்லாரும் சுகம். நீங்கள் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்ததைவிடப் பெரிதாக ஒன்று நடந்திருக்கிறது. சின்ராசு சொன்னதையும் அம்மா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ஜீப்பில் ஆள் நெருக்கம். காய் எடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள்தான் எல்லாரும். போடிமெட்டுச் செக்போஸ்டு தாண்டி முதல் வளைவு திரும்பும்போது ராக்கு கேட்டிருக்கிறாள், “என்ன சின்னம்மா, மக நல்லா இருக்காளா? காதுகுத்துல மொகம் வாடிக் கெடந்தாளே.”

ஒரு வளைவு தாண்டியிருக்கிறது. பிறகு அம்மா ஜீப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, “எம்மகளுக்கு வலிப்பு வருது” என்றிருக்கிறாள்.

சின்ராசு பிரேக்கில் கால் வைத்துவிட்டானாம். பின்னால் யாரோ, “அடப் பாவமே” என்றிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னாடி பாவம்? பேயா பிடிச்சிருக்கு? ஒடம்புக்கு வந்திருக்கு, மாத்தர திங்கிறா. விழுந்தா எந்திரிக்கிறா, எந்திரிச்சு ஒலை வைக்கிறா. நான் எங்கண்ணால பாத்தேன். எம்மருமகன் அவ எங்க விழுந்தாலும் நோவக் கூடாதுன்னு வீட்டுத் தரையவே மெத்து மெத்துன்னு ஆக்கி வச்சிருக்கான். சுவரு அடியில தண்ணி வருதுன்னு மலையத் தோண்டி ஓடைய வேற பக்கம் திருப்பியிருக்கான். போயிப் பாருங்கடி. பாத்துட்டு வந்து பாவம்னு சொல்லுங்க!”

நீங்கள் வெட்டிய கால்வாய் அம்மா வாயில் ஓடையாகிவிட்டது. இனி அதைக் குறைக்க முடியாது மாப்ளே, அப்படியே இருக்கட்டும்.

பிறகு ஜீப்பு மலையடிவாரத்தில் முந்தலுக்கு வந்திருக்கிறது. முந்தலில் ஒரு பெண் இறங்கியிருக்கிறாள், திருப்பதி என்று பெயர். உங்களுக்கு அடுத்த எஸ்டேட்டில் வேலை. இறங்கியவள் போகாமல், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஏதோ கேட்க வந்து கேட்காமலே போய்விட்டாள்.

மறுநாள் என் கார்ப்பெட் கடைக்கு வந்தாள். பாய் வாங்க வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கடையில் வேறு ஆள் இல்லாதபோது, “எம் மூத்தவனுக்கும் அப்படித்தாண்ணே வருது. ஆறு வருசமாச்சு. கயிறு கட்டுறோம், தாயத்து கட்டுறோம். ஊருக்குத் தெரியாதுண்ணே. அது எந்த டாக்டரு?” என்று கேட்டாள். டாக்டர் பெயரையும் போகிற வழியையும் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு தேனி போகிறேன் என்றாள். போவதற்கு முன்னால், “அந்த வீட்டுத் தரைய நானும் ஒருக்கப் பாக்கலாமா?” என்றாள். தாராளமாகப் போய்ப் பார் என்றேன். இந்த வாரமே வேலை விட்டதும் வருவாள். மாப்ளே தரையைக் காட்டுங்கள். கற்பகம், நீ அவளிடம் உட்கார்ந்து பேசு. அவளுக்குக் கார்ப்பெட்டைவிட அதுதான் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மா உன்னைக் கூட்டி வரும் பேச்சையே எடுக்கவில்லை. நானாகத்தான் கேட்டேன், “கற்பகத்த இங்க கூட்டியாந்து வச்சுக்கலாமாம்மா?” என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தச் சிமெண்டுத் தரைக்கா?” என்றாள்.

இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மாசி பொறந்ததும் வர்றேன். எனக்குன்னு கட்டிலு கிட்டிலு ஒண்ணும் போட வேணாம்னு மருமகங்கிட்டச் சொல்லு. எம்மக பக்கத்துல கீழயே படுத்துக்கிறேன்.”

அன்புடன்
பாண்டியராஜ்